சீட் டே வேண்டாம், ஒரு வேளை விருந்து போதும்

போன வாரம் விருதுநகரிலிருந்து சித்தி மகள் போன் செய்தாள். டயட் ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது, இரண்டு கிலோ குறைந்திருக்கிறது, குரலிலேயே சந்தோஷம் தெரிந்தது. ஊர்க் கதையெல்லாம் பேசி முடித்து போனை வைக்கப் போகும் நேரத்தில் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, வாரத்துல ஒரு நாள் சீட் டே வெச்சுக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்களே, வெச்சுக்கவா? ஞாயித்துக்கிழமை மட்டும் எண்ணெய் பரோட்டா." சீட் டே (cheat day) என்றால் டயட்டை ஏமாற்றிவிட்டு இஷ்டப்பட்டதையெல்லாம் சாப்பிடும் நாள்.

விருதுநகரில் பிறந்து வளர்ந்தவளிடம் எண்ணெய் பரோட்டாவை மறந்துவிடு என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். எண்ணெய் குளமாக நிற்கும் கல்லில் முறுகலாகப் பொரித்து, பிய்த்துப் போட்டு, மேலே சால்னா ஊற்றிக் கொடுப்பார்கள். சின்ன வயதில் லீவுக்குச் சித்தி வீட்டுக்குப் போனால், சித்தப்பா ராத்திரி வாங்கி வரும் அந்தப் பொட்டலத்துக்காக நானும் அவளும் தூங்காமல் விழித்துக்கொண்டிருப்போம். அதனால் 'வெச்சுக்கோ' என்றோ 'கூடாது' என்றோ ஒரே வார்த்தையில் சொல்ல மனம் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போனது. இதே கேள்வியோடு இருக்கும் வேறு யாருக்காவது பயன்படட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். மதுரையில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். 2024 ஜூலையில் வயது 39, எடை 78 கிலோ, உயரம் 158 செ.மீ. மூன்று மாத சராசரி சுகர் டெஸ்ட் 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய படி என்றார் டாக்டர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நாடு முழுக்க நடந்து 2023-ல் வெளிவந்த ஆய்வின்படி இந்தியாவில் அந்தப் படியில் நிற்பவர்கள் 13.6 கோடிப் பேர், ஏற்கெனவே சர்க்கரை வந்தவர்கள் 10.1 கோடிப் பேர். அம்மாவுக்கு 20 வருடமாகச் சர்க்கரை. கால் விரலில் வந்த சின்னப் புண் ஆற நாலு மாதம் ஆனதைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் நான். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்த நாளை மறக்க முடியாது. மறுநாளே வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு ஜிம்மில் சேர்ந்துவிட்டேன்.

அங்கே ட்ரெய்னர் ஒரு தாள் கொடுத்தார். திங்கள் முதல் சனி வரை 1,400 கலோரி: காலையில் ஓட்ஸ் அல்லது முட்டை, மதியம் ஒரு கப் சாதத்தோடு நிறையக் காய், இரவு இரண்டு சப்பாத்தி அல்லது சுண்டல். கடைசி வரியில் 'ஞாயிறு - சீட் டே' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். "அன்னைக்கு என்ன வேணா சாப்பிடுங்க மேடம், உடம்பு ஏமாந்துடும், இன்னும் வேகமா குறையும்" என்றார். அந்தத் தாளில் எனக்குப் பிடித்த ஒரே வரி அதுதான்.

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கே கறிக்கடையில் கூட்டம். ஒன்பது மணிக்குத் தெருவில் எந்தப் பக்கம் நடந்தாலும் யார் வீட்டிலிருந்தாவது மசாலா வதங்கும் வாசனை வரும். சாயங்காலம் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தால் வரிசையாகத் தள்ளுவண்டிகள். ராத்திரி கொத்து பரோட்டா போடும் சத்தம், கல்லில் கரண்டி தட்டும் அந்தத் தாளம், அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவர்களுக்கு அது வெறும் சத்தம் இல்லை. அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட நாளில், 'என்ன வேணா சாப்பிடலாம்' என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

நானும் சாப்பிட்டேன். காலையில் பூரி கிழங்கு, கூடவே உளுந்த வடை. மதியம் மட்டன் பிரியாணி, சுக்கா. சாயங்காலம் ஜிகர்தண்டா, பஜ்ஜி. ராத்திரி பரோட்டா, இல்லையென்றால் கறி தோசை. படுக்கப் போகும் முன் ஐஸ்கிரீம், ஏனென்றால் பன்னிரண்டு மணி அடித்தால் திங்கட்கிழமை வந்துவிடும், அப்புறம் ஆறு நாள் காத்திருக்க வேண்டும். பசித்து அந்த ஐஸ்கிரீமைச் சாப்பிட்டேன் என்று ஒரு வாரம்கூடச் சொல்ல முடியாது. நாள் முடியப் போகிறது, அதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். வியாழக்கிழமையே அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கான பட்டியலைப் போனில் எழுத ஆரம்பித்துவிடுவேன். யாராவது ஒரு பலகாரத்தின் பேரைச் சொன்னால் உடனே குறித்துக்கொள்வேன். அதற்கு முந்தைய 39 வருடத்தில் சாப்பாட்டைப் பற்றி நான் அவ்வளவு யோசித்ததே இல்லை.

திங்கட்கிழமை காலை எடை பார்ப்பேன். ஒன்றரை கிலோ ஏறியிருக்கும், ஒரு வாரம் 1.8 கிலோகூட. முதல் தடவை அந்த எண்ணைப் பார்த்து பாத்ரூமிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆறு நாள் பட்ட பாடெல்லாம் ஒரே நாளில் போய்விட்டதே என்று. இது கொழுப்பு இல்லை, பெரும்பகுதி தண்ணீர் என்று பிறகு ஒரு டயட்டீஷியன் சொல்லித்தான் தெரிந்தது. நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைகோஜனாக மாற்றி ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜன் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹோட்டல் சாப்பாட்டின் உப்பு இன்னும் கொஞ்சம் பிடித்து வைக்கும். ஒழுங்காகச் சாப்பிட்டால் வியாழன் வெள்ளிக்குள் அது தானாக இறங்கிவிடும். இது தெரியாமல் நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மோர் மட்டும் குடித்துக்கொண்டு கிடந்தேன், செவ்வாய் இரவு தலை சுற்ற பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன், புதன்கிழமை அதற்காக மறுபடி பட்டினி. வாரம் முழுக்க இப்படியே போகும்.

தொழில் கணக்கு என்பதால் ஒரு நாள் பேப்பரில் எழுதிப் பார்த்தேன். அன்றாடம் என் உடம்புக்குத் தோராயமாக 1,900 கலோரி தேவை. 1,400 சாப்பிட்டால் ஒரு நாளைக்கு 500 மிச்சம், ஆறு நாளைக்கு 3,000. ஞாயிறு சாப்பிட்டதையெல்லாம் கூட்டினால் 4,300 பக்கம் வந்தது. ஹோட்டல் எண்ணெயைச் சரியாக அளக்க முடியாது, கூடவே இருக்கலாம். தேவையான 1,900 போக, அதிகப்படி 2,400. ஆக ஆறு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்த 3,000-ல் மிஞ்சியது 600. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்று கணக்கு. 600 என்றால் 80 கிராம்கூட இல்லை. ஐந்து மாதம் கழித்து என் எடை 76.1. குறைந்தது 1.9 கிலோ. பேப்பரில் போட்ட கணக்கும் தராசும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததைப் பார்த்தபோது கோபம்தான் வந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்பார்களே, அதை நானே தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறேன்.

கலோரிக் கணக்கை விடுங்கள். அதைவிட மனதை அறுத்தது தீபாவளி. 2024 தீபாவளி வியாழக்கிழமை வந்தது, அக்டோபர் 31. எங்கள் வீட்டில் தீபாவளி காலை என்றால் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, இட்லியும் கறிக்குழம்பும். அத்தைக்கு 68 வயது. நாலு நாள் முன்பே பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து, பாகு காய்ச்சி அதிரசத்துக்கு மாவு பிசைந்து வைத்திருந்தார்கள். முட்டி வலியோடு அடுப்படியில் நின்று ஒவ்வொன்றாகத் தட்டிப் போட்டு எடுத்தார்கள். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், நான் அடுப்படி ஓரத்தில் ஓட்ஸ் கிண்ணத்தோடு நிற்கிறேன். "ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கம்மா" என்று அத்தை நீட்டினார்கள். "ஞாயித்துக்கிழமை சாப்பிடுறேன் அத்தை, இன்னைக்கு டயட்" என்றேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானம் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, நின்றபடியே, மூன்று நாள் ஆகி விறைத்துப்போன அதிரசத்தை ஒன்றன்பின் ஒன்றாக ஏழு சாப்பிட்டேன். மூன்றாவதுக்குப் பிறகு ருசியே தெரியவில்லை. அன்று காலை அத்தை கையால், சூடாக, எல்லோரோடும் உட்கார்ந்து ஒன்றே ஒன்று சாப்பிட்டிருந்தால் 150 கலோரியோ 200 கலோரியோ வந்திருக்கும். சட்டத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அதைப்போல ஏழு மடங்கு சாப்பிட்டேன், அத்தையின் தீபாவளியையும் கெடுத்தேன். இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். நான் படித்ததில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

1944-45-ல் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். எல்லோரும் தாங்களாக முன்வந்தவர்கள். 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு. போர் முடிந்ததும் பட்டினியில் வாடியவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதற்காகச் செய்தது. அந்த இளைஞர்கள் உணவைப் பற்றியே கனவு கண்டார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள், சாப்பாடு திரும்பக் கிடைத்த பிறகு வயிறு நிறைந்தும் அடங்காமல் சாப்பிட்டார்கள் சிலர். என் பட்டினி அவர்கள் பட்டினிக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் போனில் பலகாரப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த வியாழக்கிழமைகள் என் நினைவுக்கு வந்தன. நெருக்கிப் பிடித்தால் மனசு சாப்பாட்டையே சுற்றுகிறது.

இரண்டாவது, 1975-ல் ஹெர்மன், மாக் என்ற இருவர் செய்தது. மாணவிகளுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஐஸ்கிரீமை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று விட்டார்கள். சாதாரணமாகச் சாப்பிடும் பெண்கள், ஏற்கெனவே மில்க் ஷேக் குடித்துவிட்டதால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் உணவைக் கட்டுப்படுத்திக்கொண்டே இருப்பவர்கள், மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமை இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். நம்மூர்ப் பாட்டிகள் சொல்வார்களே, நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று, அதே மனநிலை. இன்றைக்குத்தான் கெட்டுவிட்டதே, முழுசாகக் கெடட்டும். 'சீட் டே' என்று ஒரு நாளைக்குப் பெயர் வைப்பது, காலையில் எழுந்ததுமே நம்மை நனைத்துவிடுவது மாதிரி. பூரியிலேயே நனைந்தாயிற்று, பிறகு இரவு பரோட்டாவுக்கு எதற்கு யோசனை?

மூன்றாவது, ட்ரெய்னர் சொன்ன 'உடம்பு ஏமாந்துடும்' விஷயம். இதற்குப் பின்னால் இருப்பது லெப்டின் என்ற ஹார்மோன், 1994-ல் கண்டுபிடித்தது. கொழுப்புச் செல்கள் சுரப்பது, போதும் என்று மூளைக்குச் சொல்வது. டயட்டில் அது குறையும், பசி கூடும். நன்றாகச் சாப்பிட்டால் கொஞ்சம் ஏறும், உண்மைதான். ஆனால் ஒரு நாள் விருந்தில் ஏறுவது பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் இறங்கிவிடுகிறது. டயட்டுக்கு நடுவே இடைவேளை விடுவதில் பலன் இருக்கிறது என்று காட்டிய ஆய்வு ஒன்றும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உடல் பருமனான ஆண்களிடம் செய்தார்கள், 2017-ல் வெளிவந்தது. இரண்டு வாரம் டயட், இரண்டு வாரம் இடைவேளை என்று மாறி மாறி இருந்தவர்கள் சராசரியாக 14 கிலோ குறைத்தார்கள், இடைவேளையே இல்லாதவர்கள் 9 கிலோ. இரு தரப்புக்கும் டயட் நாட்கள் மொத்தம் 16 வாரம்தான். இதைச் சொல்லித்தான் பலர் சீட் டேயை நியாயப்படுத்துகிறார்கள். ஆனால் அந்த இடைவேளையில் அவர்கள் சாப்பிட்டது எடை ஏறாமல் இறங்காமல் நிற்கும் அளவு. தேவைக்குப் போதுமான சாப்பாடு, அவ்வளவுதான். என் ஞாயிற்றுக்கிழமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதையெல்லாம் படித்த பிறகும் நான் உடனே விட்டுவிடவில்லை. 'இந்த வாரம் மட்டும்' என்று தள்ளிக்கொண்டே வந்தேன். விட வைத்தது என் மகள்.

அவளுக்கு 11 வயது. அந்த வருடம் டிசம்பர் முதல் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, கூடப் படிக்கும் பிள்ளையின் பிறந்தநாள் என்று பள்ளியில் கேக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் நுழைந்து பையைக்கூடக் கழற்றவில்லை, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அம்மா, நான் இன்னைக்கு சீட் பண்ணிட்டேன்." பரீட்சையில் காப்பி அடித்துவிட்டாளோ என்று ஒரு நிமிஷம் பதறிவிட்டேன். கேக் சாப்பிட்டதைத்தான் சொல்கிறாள் என்று புரிய நேரம் ஆனது. சரி என்று விட்டிருப்பேன். ராத்திரி தோசை ஊற்றிவிட்டுக் கூப்பிட்டால், "எனக்கு வேணாம்மா, மத்தியானமே கேக் சாப்ட்டேன்ல" என்றாள்.

அவள் ஒல்லியான பிள்ளை. ஓடி விளையாடும் வயது. தாயம் விளையாடும்போது காயைத் தெரியாமல் நகர்த்தினால் 'சீட்டிங், சீட்டிங்' என்று தம்பியைப் பிடித்து உலுக்குகிறவள். அவள் அகராதியில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: தப்பு. ஒரு துண்டு கேக் சாப்பிட்டதைத் தப்பு என்றும், அதற்குத் தண்டனை பட்டினி என்றும் நான் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. ஐந்து மாதமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் மோர் டம்ளரோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அன்று இரவு அவளை மடியில் உட்கார வைத்து இரண்டு தோசை ஊட்டிவிட்டேன். அந்த வார்த்தை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இல்லை.

இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன்.

முதலில், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பைத் திருட்டுச் சாப்பாட்டுப் பட்டியலிலிருந்து எடுத்தேன். யோசித்துப் பார்த்தால் அது எப்படி அங்கே போனது என்றே தெரியவில்லை. வீட்டில் அரைத்த மசாலா, அளவான எண்ணெய், நல்ல ஆட்டுக்கறி, அதில் என்ன தப்பு? சோறு ஒரு கப், கறி தாராளமாக, கூடவே வெள்ளரிக்காயும் வெங்காயமும். இது என் வழக்கமான சாப்பாடு. எதையும் 'கூடாது' என்று பூட்டி வைக்காததால், ஞாயிற்றுக்கிழமை என்பது மறுபடி வெறும் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. வார நாட்களிலும் 1,400-ஐ விட்டு 1,550, 1,600 என்று ஏற்றிக்கொண்டேன், டயட்டீஷியன் சொல்லித்தான். ராத்திரி பசியோடு படுப்பது நின்றது. அதுவே பாதி வேலையைச் செய்துவிட்டது என்று நினைக்கிறேன்.

விருந்து என்றால் ஒரு வேளை. நாள் முழுக்க இல்லை. காலையில் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பாயசம், வடை, அப்பளம் எல்லாம் உண்டு, கணக்குப் பார்ப்பதில்லை. மதியத்துக்குப் பசித்தால் சாப்பிடுவேன், ராத்திரி வழக்கம்போல். முந்தின நாள் பட்டினி கிடந்து இடம் ஒதுக்குவதும் இல்லை, மறுநாள் மோர் குடித்துக் கழுவுவதும் இல்லை. விருந்துக்கு அடுத்த மூன்று நாள் எடைக் கருவி பக்கமே போக மாட்டேன்.

அந்த வேளை எப்போது என்று நான் தேதி குறிப்பதில்லை. நம் வாழ்க்கையில் அதற்குத் தானாகவே தேதிகள் வருகின்றன: கல்யாணம், காதுகுத்து, பொங்கல், குலதெய்வம் கோயில் கிடா வெட்டு, பக்கத்து வீட்டு பாய் கொடுத்தனுப்பும் பெருநாள் பிரியாணி. மாதத்தில் இரண்டு, சில மாதம் மூன்று, ஒரு மாதம் ஒன்றுமே இருக்காது. தனியாக, நின்றுகொண்டு, போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது இதில் சேராது. யாரோடாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இந்த ஒரே நிபந்தனை நான் சாப்பிட்டிருக்கக்கூடிய எத்தனையோ ஐஸ்கிரீம்களைக் குறைத்துவிட்டது.

நம் பெரியவர்கள் விரதம் இருந்த விதத்தைக் கவனித்தாலும் இது புரிகிறது. ஏகாதசிப் பட்டினியை முடிக்கும் துவாதசியில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும்தான் இலைக்கு வரும். பள்ளிவாசலில் நோன்பு திறப்பது பேரீச்சம்பழமும் கஞ்சியும் வைத்து. பட்டினிக்குப் பிறகு வயிற்றை மெதுவாகத் திறக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். விருந்தை அவர்கள் வேறு நாளில் வைத்தார்கள், ஊரைக் கூட்டி வைத்தார்கள்.

2025 சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணம் மே 8, அதுவும் வியாழக்கிழமை. முந்தைய வருடத்து நான் என்றால் 'இன்னைக்கு டயட்' என்று ஒதுங்கியிருப்பேன். காலையில் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு, அத்தையையும் மகளையும் கூட்டிக்கொண்டு சேதுபதி பள்ளிக்கூடத்துக்குக் கல்யாண விருந்து சாப்பிடப் போனேன். வெயில், வியர்வை, கூட்டம். மொய் எழுதிவிட்டு இடம் கிடைத்து உட்கார்ந்தோம். மீனாட்சிக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது, ஊரே சொந்தக்காரர்களாக உட்கார்ந்து சாப்பிடுகிறது, அதில் ஒருத்தியாக நானும். வைத்ததைச் சாப்பிட்டேன், இனிப்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். பக்கத்தில் மகள் வடையை அத்தையோடு பிய்த்துப் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி எனக்குப் பசியே இல்லை, இரண்டு இட்லியோடு முடிந்தது. மறுநாள் காலை முட்டையும் கீரையும், எப்போதும் போல.

ஒன்பது மாதத்தில் 76.1-லிருந்து 68.6-க்கு வந்திருக்கிறேன். வாரத்துக்கு 200 கிராம்கூட இல்லை, வேகம் என்று சொல்ல முடியாது. ஆனால் திரும்ப ஏறவில்லை. சுகர் 5.6.

இது எல்லோருக்கும் பொருந்துமா என்றால், இல்லை. எங்கள் கடையில் ஒரு தம்பி இருக்கிறார், 27 வயது, தினமும் ஒன்றரை மணி நேரம் எடை தூக்குகிறார், மூட்டை இறக்குகிற வேலை வேறு. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை முழுநாள் சாப்பிட்டாலும் திங்கட்கிழமை ஒன்றும் ஆவதில்லை, மனதிலும் எந்தப் பாரமும் இல்லை. அவர் தேவையே 3,000 கலோரிக்குப் பக்கம். அவருக்குச் சரிப்பட்டதை 39 வயதில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எழுதிக் கொடுத்ததுதான் தவறு. இன்னொரு பக்கம், ஒரு வாய் ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாமல், வலிக்க வலிக்கச் சாப்பிட்டுவிட்டு யாருக்கும் தெரியாமல் அழுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சீட் டேயும் வேண்டாம், என் யோசனையும் போதாது. அது மனநல மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம், பேசினால் சரியாகக்கூடியது. கூச்சப்படாமல் போங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் விட முடியாது. கல்யாண விருந்துக்குப் போகும் முன் ஒரு மாத்திரையைக் கூட்டிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய. என் அம்மாவே செய்வார். "லட்டு சாப்பிட்டேன்ல, அதான் ஒண்ணு சேர்த்துப் போட்டேன்." ஒரு தடவை அப்படிப் போட்டுவிட்டு, விருந்துக்கு இடம் வேண்டும் என்று காலையிலும் சாப்பிடாமல் இருக்க, மண்டபத்தில் பந்தி தாமதமாகி, அங்கேயே சுகர் இறங்கி வியர்த்துக் கொட்டி மயங்கினார். கையில் சாக்லேட் வைத்திருந்த ஒரு புண்ணியவதி பக்கத்தில் இருந்தார். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரிடம் கேட்காமல் செய்யக் கூடாது. விருந்து வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே அவரிடமே கேட்டுவிடலாம், இப்போது அம்மா அப்படித்தான் செய்கிறார்.

இனி, விருதுநகர்க்காரிக்கு.

வாரா வாரம் வேண்டாம்மா. நீ மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறாய், இப்போதே ஞாயிற்றுக்கிழமையை எண்ண ஆரம்பித்துவிட்டாய் என்றால் மற்ற ஆறு நாள் சாப்பாடு உனக்குப் போதவில்லை என்று அர்த்தம். முதலில் அதைச் சரிசெய். மதியத்துக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு, ஒரு முட்டை சேர்த்துக்கொள். எடை கொஞ்சம் மெதுவாக இறங்கட்டும். சித்தி சுடுகிற ஆப்பத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைக்காதே, சூடாக இருக்கும்போதே இரண்டு சாப்பிடு.

எண்ணெய் பரோட்டாவுக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். ஆயுத பூஜை லீவுக்கு நான் விருதுநகர் வருகிறேன். சித்தப்பாவால் இப்போது ராத்திரியில் வண்டி ஓட்ட முடியாது, ஆட்டோ வைத்துக்கொள்ளலாம். பொட்டலம் வாங்கி வர வேண்டாம். கடையிலேயே போய் மூன்று பேரும் உட்காருவோம், கல்லிலிருந்து எடுத்ததும் அப்படியே இலையில் போடச் சொல்லுவோம். காலையில் சித்தியிடம் இட்லிக்கு மாவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வை.